அம்பாசிடர் ஹெட்லைட் மங்கலாக எரிகிறதா? பல்பு வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களிடம் இரவுப் பயணம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: லைட் போட்டிருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. உடனே கடைக்குப் போய் 100/90 வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் மார்க் 4 வண்டியில் சாதாரண 60/55 வாட்ஸ் (பிரைட் 60, டிம் 55) ஹாலஜன் பல்பையே வைத்துக்கொண்டு, வயரிங்கை மட்டும் சரிசெய்து நல்ல வெளிச்சம் கொண்டுவந்தேன். வேலை முழுக்க பானெட்டுக்கு அடியில்தான். டேஷ்போர்டைத் தொட வேண்டாம்.

வெளிச்சம் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், தரையில் இருக்கும் கால் டிப்பருக்கு (டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச்) இறங்கி, மறுபடி முன்பக்கம் வந்துதான் பல்பைச் சேர்கிறது. வழியெல்லாம் வயரோடு வயரைச் சேர்க்கும் புல்லட் கனெக்டர்கள். இரண்டு 55 வாட்ஸ் பல்பும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் பல வருடப் பழைய சுவிட்சின் கறுத்துப்போன காண்டாக்ட் வழியாகப் போயாக வேண்டும். டிப்பர் கதை இன்னும் மோசம். மழைக்காலத்தில் செருப்போடு வரும் சேறும் தண்ணீரும் அதன் தலையில்தான் விழும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் இறங்கும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும்.

அளந்து பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பல்பு ஹோல்டரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி, பிறகு டூம் (பல்பு உட்காரும் ஹெட்லைட் கிண்ணமும் கண்ணாடியும்), பல்பு என்று பணத்தைச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். கரண்ட் ஓடினால்தான் வோல்ட் விழும். அதனால் ஹோல்டர் பல்பில் மாட்டியே இருக்க வேண்டும், பல்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஹோல்டரின் பின்புறமாக ஒரு குண்டூசியைச் செருகி, அதில் மீட்டரின் முனையை வையுங்கள். ஊசி வேறெதிலும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். என்ஜின் ஓடட்டும், டிம் எரியட்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே அளக்க வேண்டும். என் வண்டியில் 13.6 வந்தது. அடுத்து பல்பின் டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே, அங்கே 11.2. வழியிலேயே 2.4 வோல்ட் காணாமல் போயிருந்தது. வெளிச்சக் கணக்கில் அது ஏறக்குறைய பாதி.

இனி எந்தப் பக்கம் போகிறது என்று பிரிக்க வேண்டும். சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை பல்பின் டிம் பின்னிலும் வைத்தால், வரும் வழியில் விழுவது நேரடியாகத் தெரியும். பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வைத்தால் திரும்பும் வழி தெரியும். முதலாவது 0.5-க்குள்ளும் இரண்டாவது 0.2-க்குள்ளும் இருந்தால் நல்லது. எனக்கு எர்த்தில் மட்டுமே 0.8 இருந்தது.

டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். 10 வோல்ட்டிலும் அது எரியும். விலை குறைந்த டிஜிட்டல் மீட்டர் இதைவிட எவ்வளவோ மேல்.

எர்த்

செலவே இல்லாத வேலை, முதலில் இதை முடியுங்கள். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட் எர்த் வயர் பாடியில் சேரும் ஸ்குரூவை எடுத்து, பெயின்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வயர் முனையில் புது லக் (ஸ்குரூவில் மாட்டும் உலோக முனை) போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். நான் இரண்டு ஹெட்லைட்டிலிருந்தும் பேட்டரி மைனஸுக்கே தனி வயர் இழுத்துவிட்டேன். துருப்பிடித்த மட்கார்டை நம்புவதைவிட அது நிம்மதி.

ரிலே

சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. தேவையானவை: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு நான்கு-பின் ரிலே, இரண்டு 15 ஆம்பியர் ப்யூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். இனி வரும் எண்கள் ரிலேயின் பின் எண்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ப்யூஸ் வழியாக 30-க்கு. 87-இலிருந்து இரண்டு பல்புக்கும். இதுவரை பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் 86-க்கு. 85 எர்த்துக்கு. இனி பழைய சுவிட்சும் டிப்பரும் ரிலேயைத் தூண்டும் சிறு கரண்ட்டை மட்டும் சுமக்கும். பல்புக்கு பேட்டரியிலிருந்து நேர்வழி.

ப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ப்யூஸ் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். இரவு ஹைவேயில் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

இந்த வண்டிகளின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் வயர் நிற முறைப்படி நீலம்-வெள்ளை பிரைட், நீலம்-சிவப்பு டிம். ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்! நிறத்தை நம்பாமல் மீட்டரில் உறுதிசெய்யுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. என்ஜின் சூட்டில் பசை உருகிப் பிரிந்துவிடும். நல்ல கிரிம்பிங் பிளையரில் லக் அடித்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். ரிலேயின் பின்கள் கீழ்நோக்கி இருந்தால் உள்ளே தண்ணீர் தங்காது.

முடித்ததும் பல்பில் மறுபடி அளந்தேன்: 13.2.

இதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால் டூமின் உள்ளே பாருங்கள். வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, துடைத்தால் இன்னும் போகும். 7 அங்குல டூம் சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். ஒளி இடப்பக்கம் உயரும் டூமாகக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு வலப்பக்கப் போக்குவரத்துக்கானது எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்த சிலருக்கு, சுவிட்சை அணைத்தாலும் லைட் அணையவில்லை. கடையில் ஐந்து-பின் ரிலே கொடுத்திருக்கிறார்கள். 87-க்குப் பதில் 87ஏ-இல் பல்பு வயர் போயிருக்கிறது. ரிலேயைத் தூண்டாதபோது 30-உடன் சேர்ந்திருக்கும் பின் அது. அதில் எதையும் மாட்ட வேண்டாம்.

டிம் போட்டால் டேஷ்போர்டில் பிரைட் விளக்கு லேசாக மினுங்குகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பல்பின் எர்த் சரியில்லாதபோது கரண்ட் பிரைட் இழை வழியாகத் திரும்ப வழி தேடும். எர்த் பகுதியை மறுபடி பாருங்கள்.

ஐடிலில் மங்கி, ரேஸ் கொடுத்தால் பிரகாசமாகிறதா? உங்களுடையது ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய வகை டைனமோ சார்ஜ் செய்யும் வண்டியாக இருக்கும். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். ஐடிலில் பாரம் முழுக்க பேட்டரி மேல். இதில் 100 வாட்ஸ் பல்பு இரண்டு போட்டால் அவையே 16 ஆம்பியருக்கு மேல் தின்றுவிடும். ஆல்டர்னேட்டருக்கு மாறும்வரை 60/55-ஐத் தாண்டாதீர்கள்.

கடைசியாக, வெளிச்சம் கூடிவிட்டதால் கோணம் பார்ப்பது இப்போது கட்டாயம். சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, டிம் ஒளியின் மேல்விளிம்பு பல்பு மையத்தின் உயரத்தைவிட 2 அங்குலம் கீழே விழும்படி ஹெட்லைட் கோணத்தை மாற்றும் ஸ்குரூவைத் திருப்புங்கள். பின்சீட்டில் வழக்கமாக ஆட்கள் உட்காரும் வண்டி என்றால், அவர்களை உட்காரவைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஒளி மேலே ஏறிவிடும்.