பில்லை லேமினேட் செய்யாதீர்கள்: புது மியூசிக் பிளேயர் வாங்கியவர்களுக்கு

எட்டாவது மாதத்தில் அப்பாவின் பிளேயரில் சார்ஜ் ஏறவில்லை. ஒரு வருட வாரண்டி இருக்கிறதே என்று பில்லைக் கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று தெருமுனை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் போட்டு வைத்திருக்கிறார். முழுக்கக் கன்னங்கரேல். தேதியும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. "காசு கொடுத்துக் கறுப்பாக்கிட்டு வந்திருக்கேன் பாரு" என்று அவரே சிரித்துவிட்டார்.

கடைகளில் சின்ன மெஷினிலிருந்து வரும் பில்லில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும் தாள் அது. அந்தக் கறுப்புதான் எழுத்து. லேமினேஷன் சூட்டில் வைத்தால் தாள் மொத்தமும் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து மங்கத் தொடங்கும். அதனால் வாங்கிய அன்றே பில்லையும் பெட்டியின் மேலுள்ள சீரியல் நம்பரையும் ஒரே படமாக எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாரண்டி அட்டை இருந்தால் தேதியும் கடை சீலும் அங்கேயே போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் போடவே மாட்டோம்.

அடுத்த தவறு, நல்ல நாளில் பிரிக்கலாம் என்று பெட்டியை அப்படியே வைத்திருப்பது. பெரும்பாலும் வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. கடையோ ஆன்லைன் விற்பனையாளரோ மாற்றித் தரும் கெடு இன்னும் குறைவு, பல இடங்களில் 7 அல்லது 10 நாள்தான். பரிசாகக் கொடுக்க வாங்கினாலும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இரண்டு காதிலும் சத்தம் வருகிறதா, ஒவ்வொரு பட்டனும் அமுங்குகிறதா, ஹெட்போன் பின்னைச் சற்று ஆட்டினால் கரகரக்கிறதா, புளூடூத் விட்டு விட்டு அறுந்து போகிறதா என்று பார்த்தால் போதும். முழு சார்ஜில் தொடங்கி அணையும் வரை ஒரு நாள் ஓடவிட்டால் பேட்டரியின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

"முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது வருபவை லித்தியம், நிறைந்ததும் எடுத்துவிடலாம். சார்ஜே ஏறவில்லை என்றால் பதறுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். விலை குறைந்த சில பிளேயர்களில் டைப் சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப் சி ஆக உள்ள புதுக் கேபிளில் சார்ஜ் ஏறாது. அந்தக் கேபிள் செருகும் சார்ஜர், எதிர்முனையில் இருப்பதை அடையாளம் கண்ட பிறகுதான் மின்சாரத்தை விடும். அந்த அடையாளத்தைச் சொல்லும் சின்ன ரெசிஸ்டரை மலிவுப் பிளேயரில் வைக்காமல் விட்டிருப்பார்கள். பெட்டியில் வந்த, ஒரு முனை அகலமான பழைய யூஎஸ்பி கேபிளில் போட்டால் ஏறிவிடும். அதேபோல, கணினியில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஃபோல்டர் தெரியவில்லை என்றால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம்.

மெமரி கார்டில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். 32 ஜிபி கார்டு கணினியில் 29.8 என்று காட்டினால் அது ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். போலி கார்டு வேறு விஷயம். 128 ஜிபி என்றுதான் காட்டும், உள்ளே இருப்பது 8 ஆக இருக்கும். அதுவரை எல்லாம் நன்றாக ஏறும். அதற்கு மேல் ஏற்றிய பாட்டுகளின் பெயர் மட்டும் இருக்கும், பாட்டு ஒலிக்காது. பிளேயர் கெட்டுவிட்டது என்று கடையில் சண்டை போடுவோம். வாங்கியதும் கார்டு முழுக்க நிரப்பி, கடைசியில் ஏற்றிய பாட்டு ஒலிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கார்டுக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையும் ஒன்றல்ல: 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், 32 வரை ஃபேட்32. எக்ஸ்ஃபேட்டைப் படிக்கத் தெரியாத பிளேயர்கள் உண்டு. ஆகவே எத்தனை ஜிபி வரை எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, பிளேயரிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது. 320 கேபிபிஎஸ் என்ற உயர்தர எம்பி3-இல் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி. 32 ஜிபியில் இரண்டாயிரத்து ஐந்நூறு பாட்டு அடங்கும். ஒரு மனிதர் கேட்க இது போதாதா?

அத்தனையையும் ஏற்றுவதற்கு முன் பத்தே பாட்டு ஏற்றிப் பாருங்கள், முக்கியமாகத் தமிழில் பெயர் வைத்திருந்தால். சில பிளேயர்களில் தமிழ் எழுத்துருவே இருக்காது, பெயர் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்தாலும் எழுத்தைக் கோக்கத் தெரியாதவை உண்டு: 'தென்றல்' என்று வைத்தால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கும். இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பெயர் வைத்த பழைய தொகுப்புகள் என்றால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். தமிழ் தெரியும் என்று பெட்டியில் வாக்குக் கொடுத்திருந்தால் ஒழிய, இதையெல்லாம் குறை என்று சர்வீஸ் சென்டரில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதுதான் சுருக்கு வழி, எனக்குப் பிடிக்காவிட்டாலும். வரிசை 1, 10, 11, 2 என்று குழம்பினால் 01, 02 என்று எண் போடுங்கள்.

மென்பொருள் அப்டேட் ஓடும்போது கேபிளைப் பிடுங்காதீர்கள். பாதியில் நின்றால் பிளேயர் உயிர் பெறாமல் போகலாம். நிறுவனம் தராத மென்பொருளை ஏற்றிக் கெடுத்துக்கொண்டால் வாரண்டி பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

வாரண்டித் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் 'ஒரு வருடம்' எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பேட்டரிக்கும் இயர்போன், கேபிளுக்கும் பல நிறுவனங்கள் ஆறு மாதம்தான் தருகின்றன, சிலது அதுவும் இல்லை. கீழே விழுந்தது, தண்ணீர் புகுந்தது, வெளியே யாரோ திறந்து பார்த்தது எல்லாம் சேராது. 'செல்லர் வாரண்டி' என்றால் பொறுப்பு விற்றவருக்கு மட்டும். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்ததற்கும் இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கார்டை உருவிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பாட்டுகளுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து அடங்கிப் போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே கணக்கில்தான். குறை இருந்தால் மட்டும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது உதவாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

அப்பாவின் பில்லைக் கடைக்காரர் மொபைல் நம்பரை வைத்துத் தேடி, மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் டார்ச் அடித்துப் பார்த்து, சார்ஜ் துளையிலிருந்து சட்டைப் பையின் பஞ்சை ஒரு குச்சியால் கிளறி எடுத்தான். சார்ஜ் ஏறியது. பில்லை அவன் கேட்கவே இல்லை.