0.7 படியை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாண்டம் கம்பி என்பது எலக்ட்ரான்கள் நீளவாக்கில் மட்டும் ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதை. அதன் அகலத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனையான கேட்டின் மின்னழுத்தத்தை மெல்ல மாற்றினால் கடத்துத்திறன் படிப்படியாக ஏறும். ஒரு படியின் உயரம் 77.5 மைக்ரோ சீமென்ஸ், மின்தடையாகச் சொன்னால் 12.906 கிலோ ஓம். எலக்ட்ரானின் ஸ்பின் என்ற காந்தப் பண்பின் இரு நிலைகளும் சமமாகப் பங்கேற்பதால் வரும் உயரம் இது. முதல் படிக்குச் சற்றுக் கீழே, ஒரு படியின் உயரத்தை 1 என்று வைத்தால் 0.7 அருகில், ஒரு சின்னத் திட்டும் தெரியும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாதவை என்று வைத்துப் போடும் கணக்கில் இது வராது. 1996-இல் கேம்பிரிட்ஜ் குழு இதை ஸ்பின்னோடு இணைத்துக் காட்டியதிலிருந்து எல்லோரும் தேடும் திட்டு இதுதான். அதனாலேயே ஏமாறுவதும் எளிது.

பெரும்பாலும் சறுக்குவது தொடர் தடையில், அதாவது கம்பியோடு சேர்ந்து அளவில் வந்துவிடும் இணைப்புகளின் மின்தடையில். முதல் படி 0.93-இல் நின்றால், ஏறத்தாழ 970 ஓம் கழித்து அதை 1-க்குக் கொண்டுவந்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்த 970 ஓம் உண்மையென்றால், திருத்தாத வரைபடத்தில் இரண்டாம் படி 1.74-இலும் மூன்றாவது 2.45-இலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதல் படி குறைந்ததற்குக் காரணம் வேறு. அதைத் தடையாக எண்ணிக் கழித்தால் 0.7 என்ற எண்ணுக்கே பொருளில்லை.

அடுத்தது மாசு. கம்பிக்குள் ஒரு மாசு அணு இருந்தாலும் இதே உயரத்தில் மேடு வரலாம். இரு பக்க கேட்டுகளுக்கும் வெவ்வேறு மின்னழுத்தம் கொடுத்துக் கம்பியைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மாசால் வந்த மேடு உருமாறும், உண்மையான திட்டு அசையாது.

மிகக் குளிரில் மட்டும் அளந்து "திட்டு இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது. குளிரக் குளிர அது 1-ஐ நோக்கி ஏறி மறையும். 1 கெல்வின் பக்கம் சூடாக்கினால் மற்ற படிகள் மங்க, இது தெளியும். 100 மில்லி கெல்வினில் வெப்பத்தின் அளவு 8.6 மைக்ரோ வோல்ட்டுக்குச் சமம். சிறு மாறுமின்னழுத்தம் கொடுத்து அளக்க உதவும் லாக்-இன் பெருக்கியில் அதைவிடப் பெரிய 100 மைக்ரோ வோல்ட் கொடுத்தால் அந்தக் குளிரால் பயனே இல்லை.

காந்தப்புலம், எலக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும் தளத்துக்கு இணையாக இருந்தால் திட்டு 0.5-க்கு இறங்கும். ஸ்பின்தான் காரணம் என்பதற்கு வலுவான சான்று இது. ஆனால் 10 டெஸ்லாவில் 1 பாகை சாய்ந்தாலே 0.17 டெஸ்லா செங்குத்தாக விழுந்து தொடர் தடையை மாற்றிவிடும். ஒவ்வொரு புலத்துக்கும் தடையைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

படி தாழ்ந்ததைப் பார்த்து லட்டிஞ்சர் திரவத்தின் (ஒற்றைப் பரிமாணத்தில் ஒன்றையொன்று பாதிக்கும் எலக்ட்ரான்களை விவரிக்கும் கோட்பாட்டு மாதிரி) இடைவினை எண்ணைக் கணிப்பதும் தவறு. அகன்ற முனைகளோடு இணைந்த தூய கம்பியில் அந்த இடைவினை படியின் உயரத்தைக் குறைக்காது என்று 1995-இலேயே கோட்பாடு காட்டிவிட்டது.