வின்னிபெக் டவுன்டவுன்: உயரக் கட்டடங்களை வைத்து ஊரைப் பழகுங்கள்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இருக்கும் வின்னிபெக்கில் மலை கிடையாது. குன்று கிடையாது. சாலையில் ஏறி இறங்கும் மேடுகூட அபூர்வம். பனியுகத்தின் முடிவில் அகாசி என்ற பெருங்கடல் போன்ற ஏரி நிரம்பிக் கிடந்த படுகை இது. ஏரி வடிந்தபோது மிஞ்சியது களிமண் சமவெளி. அதனால் டவுன்டவுனின் உயரக் கட்டடங்கள் ஊருக்கு வெளியே இருந்தே தெரியும். ரொறன்ரோவில் சொந்தக்காரர் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வருகிறவர்கள் "இதுதானா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் வாழும் ஊர் இது. நூறு மீட்டரைத் தாண்டும் கட்டடங்கள் கொஞ்சம்தான், அவற்றிலும் முக்கியமானவை ஒரே சந்திப்பைச் சுற்றி நிற்கின்றன. புதிதாக வந்தவருக்கு இது வசதி. நாலைந்து கட்டடங்களை முகம் தெரிந்துகொண்டால் டவுன்டவுனில் தொலைந்து போகமாட்டீர்கள்.

அந்தச் சந்திப்பு போர்ட்டேஜ் அவென்யூவும் மெயின் ஸ்ட்ரீட்டும் சேரும் இடம். பேச்சில் 'போர்ட்டேஜ் அண்ட் மெயின்'. இங்கிருந்து கொஞ்சம் தெற்கே நிற்கும் 300 மெயின்தான் இன்று ஊரிலேயே உயரமானது: 142 மீட்டர், 42 மாடி. அதற்கு முன் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது சந்திப்பிலேயே நிற்கும் 201 போர்ட்டேஜ். 1990இல் முடிந்த அலுவலகக் கோபுரம், 128 மீட்டர். எதிரே, மெயினின் கிழக்குப் பக்கம், ரிச்சர்ட்சன் கட்டடம், 124 மீட்டர். தானிய வணிகத்தில் வளர்ந்த ரிச்சர்ட்சன் குடும்பம் இதே மூலையில் 1920களின் இறுதியிலேயே ஒரு கட்டடத்துக்குத் திட்டம் போட்டது. 1929இல் பங்குச் சந்தை சரிந்ததும் கைவிட்டது. கடைசியில் கட்டி முடிந்தது 1969இல். நான்காவது 360 மெயின், 117 மீட்டர், 1979.

இந்த நாலு பெயர்களில் மூன்று வெறும் கதவு எண்கள். அதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். மெயின் ஸ்ட்ரீட்டில் எண்கள் வடக்கே போகப் போகக் கூடும். போர்ட்டேஜில் மேற்கே போகப் போகக் கூடும். மெயினில் இரட்டைப்படை எண்கள் மேற்குப் பக்கம், போர்ட்டேஜில் தெற்குப் பக்கம். நேர்முகத் தேர்வுக்கு 360 போர்ட்டேஜ் என்று கடிதம் வந்தால், சந்திப்பிலிருந்து மேற்கே நடந்தால் இடது கைப்பக்கம் என்று போனை எடுக்காமலே தெரிந்துவிடும். மைனஸ் 25இல் கையுறையைக் கழற்றி வரைபடம் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது முதல் டிசம்பரில் புரியும்.

பழைய ஆட்களிடம் வழி கேட்டால் பழைய பெயர்களைத்தான் சொல்வார்கள். 201 போர்ட்டேஜ் அவர்களுக்கு டி.டி. சென்டர். 360 மெயின் கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச். ஹாக்கி ஆட்டம் நடக்கும் கனடா லைஃப் சென்டரை இன்னும் எம்.டி.எஸ். சென்டர் என்பவர்கள் நிறைய. எல்லாம் அதே கட்டடங்கள்தான்.

இதே சந்திப்பைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1979 முதல் இங்கே நடந்து போகிறவர்கள் தெருமட்டத்தில் சாலையைக் கடக்கத் தடை இருந்தது. மூலைகளில் கான்கிரீட் தடுப்புகள், நடப்பவர்கள் எல்லாரும் நிலத்தடிப் பாதைக்குள் இறங்கி ஏற வேண்டும். சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்களோடு மாநகரம் போட்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. திறக்கலாமா என்று 2018இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். பிறகு நிலத்தடிப் பாதைக்கு மேலே இருந்த நீர்க்கசிவுத் தடுப்பு பழுதாகி, சரிசெய்ய 7 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்ததும் மாநகர சபை மனம் மாறியது. 2025 ஜூன் 27 முதல் இங்கே விளக்குப் பார்த்துச் சாலையைக் கடக்கலாம். ஆக, மூன்று நான்கு வருடம் முன்னால் வந்த நண்பர் "மேலே கடக்க முடியாது, கீழே இறங்கு" என்று சொன்னால் அது பழைய கதை. பேருந்துகளும் அப்படியே. 2025 ஜூன் இறுதியில் ஊரின் பேருந்துத் தடங்களையே மாற்றி அமைத்தார்கள். முன்பு பேருந்துகள் வரிசைகட்டி நின்ற கிரகாம் அவென்யூவில் இப்போது நின்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

காற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி முழுமை ஆகாது. உயரமான கட்டடத்தில் மோதும் காற்றில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கித் தெருமட்டத்தில் வேகமெடுக்கும். போர்ட்டேஜ் அண்ட் மெயினில் அகலச் சாலைகள் வேறு. கனடா முழுக்கப் பெயர்பெற்ற குளிர் மூலை இது. ஜனவரியில் இரவு மைனஸ் 30 வரை இறங்கும் நாட்கள் உண்டு. அப்போதுதான் இந்தக் கட்டடங்களின் உண்மையான பயன் தெரியும்: இவற்றில் பல உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்கின்றன. மாடிமட்டத்தில் தெருவைத் தாண்டும் கண்ணாடிப் பாலங்கள், நிலத்தடியில் கடைவரிசைகள். இதை ஸ்கைவாக் என்பார்கள். வின்னிபெக் ஸ்கொயர் கடைகள், மில்லேனியம் நூலகம், சிட்டிபிளேஸ், கனடா லைஃப் சென்டர் எல்லாம் இந்த வலையில் வரும். வந்த முதல் வாரத்திலேயே, குளிர் தொடங்குவதற்கு முன்னால், ஒரு மதியம் இதில் நடந்து பழகிவிடுங்கள். அம்புக்குறிப் பலகைகள் உண்டு, ஆனால் முதல்முறை குழப்பும். இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு பகுதியும் அந்தந்தக் கட்டடத்தின் நேரப்படிதான் திறந்திருக்கும், மாலையிலும் வார இறுதியிலும் கதவு பூட்டியிருக்கலாம். போர்ட்டேஜ் பிளேஸ் கடைவளாகம் போலக் கட்டுமான வேலை நடக்கும் இடங்களில் பாதை பாதியில் நின்றுவிடும். எனவே உள்ளேயே போய்விடலாம் என்று நம்பி மெல்லிய ஸ்வெட்டரோடு கிளம்பாதீர்கள்.

நான் ஒரே ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சொல்வதென்றால் 360 போர்ட்டேஜைச் சொல்வேன். மாகாணத்தின் மின்சார நிறுவனமான மானிடோபா ஹைட்ரோவின் தலைமையகம், 2009இல் திறந்தது. அதன் வடக்கு முனையில் 115 மீட்டர் உயரத்துக்கு ஒரு சூரியப் புகைபோக்கி நிற்கிறது. புகை வராது, கட்டடத்தின் பழைய காற்றை மேலே இழுத்து வெளியேற்றுகிறது. தெற்குப் பக்கம் கண்ணாடி முற்றங்கள் குளிர்கால வெயிலைப் பிடித்துக் காற்றைச் சூடாக்குகின்றன. அந்த முற்றங்களில் 24 மீட்டர் உயரத்துக்கு நாடாக்களில் நீர் வழிகிறது. குளிர்காலத்தில் காற்றுக்கு ஈரம் தருவதும் கோடையில் ஈரத்தை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. நிலத்தில் துளைத்த 280 ஆழ்துளைகள் வழியாக மண்ணின் வெப்பத்தையும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் சிறந்த உயரக் கட்டடம் என்று அந்த ஆண்டே விருது கிடைத்தது. பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பற்றி நாலு வரி தெரிந்துவைத்திருப்பது இங்கே வேலைப் பேச்சில் வீண்போகாது.

திசைக்கு இன்னொரு அடையாளம் பிராட்வேயில் இருக்கும் மாகாணச் சட்டமன்றம். 1920இல் திறந்த கட்டடம், உச்சியில் தங்கமுலாம் பூசிய கோல்டன் பாய் சிலை, தரையிலிருந்து 77 மீட்டர். சிலை ஓடுவது வடக்கு நோக்கி. அதன் முகம் தெரிந்தால் நீங்கள் வடக்கே நிற்கிறீர்கள், முதுகு தெரிந்தால் தெற்கே. கட்டடத்தின் டின்டல் சுண்ணாம்புக் கல்லில் பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் அப்படியே தெரியும், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் சுவரில் தேடவிடுங்கள். மேலேறி ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால், இரண்டு ஆறுகள் சேரும் ஃபோர்க்ஸ் பகுதியில் கனடிய மனித உரிமை அருங்காட்சியகம் இருக்கிறது. 2014இல் திறந்தது, அதன் கோபுரம் 100 மீட்டர். மெயினில் இன்னும் வடக்கே, 504 என்ற எண்ணில், 1904ஆம் ஆண்டு யூனியன் பேங்க் கட்டடம். மேற்குக் கனடாவின் முதல் வானளாவி என்று சொல்லப்படுவது. இன்று ரெட் ரிவர் கல்லூரியின் சமையல் கலைப் பள்ளியும் மாணவர் விடுதியும் அதில்தான்.

இனி, இப்படி ஒரு கோபுரத்தில் குடியேறலாமா என்ற கேள்வி. 300 மெயின் வாடகைக் குடியிருப்பு. டவுன்டவுனுக்குத் தெற்கே உள்ள ஆஸ்போர்ன் வில்லேஜில் 1970இலிருந்து நிற்கும், '55 நாசா' (Nassau) என்ற 38 மாடிக் கட்டடமும் அப்படியே. கார் வாங்கும்வரை டவுன்டவுன் கோபுரம் நல்ல ஏற்பாடு என்பேன். குழந்தைகள் இருந்தால் அவசரப்படாதீர்கள், பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள். மானிடோபா பல்கலைக்கழக மாணவர்களுக்கு, ஊரின் தெற்கே பெம்பினா சாலைப் பக்கம் இன்னும் பொருத்தம்.

வீட்டைப் பார்க்கும்போது ஜன்னல் காட்சியில் மயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. ஹீட்டிங் வாடகையில் அடக்கமா, ஹைட்ரோ பில் (இங்கே மின்சார பில்லை அப்படித்தான் சொல்வார்கள்) தனியா? கார் நிறுத்துமிடம் எவ்வளவு, திறந்தவெளி என்றால் கார் இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் சொருகப் பிளக் உண்டா? சாமான் ஏற்ற லிப்டை முன்பதிவு செய்ய வேண்டுமா? மானிடோபாவில் பாதுகாப்பு வைப்புத்தொகை அரை மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் மாகாணம் ஓர் உயர்வு வரம்பு அறிவிக்கும், ஆனால் புதிய கட்டடங்கள் பல அதற்கு விதிவிலக்கு. பளபளப்பான கோபுரத்தில் முதல் ஆண்டுச் சலுகை வாடகையைப் பார்த்துக் கையெழுத்திடும் முன், இந்தக் கட்டடத்துக்கு வரம்பு பொருந்துமா என்று கேளுங்கள். மழுப்பினால் வாடகை விவகாரங்களுக்கான அரசுக் கிளையிடம் விசாரிக்கலாம்.

பிறகு சமையல். மிளகாய் தாளிக்கும் புகைக்கு உங்கள் வீட்டுப் புகையுணரி அலறும். அடுப்பு விசிறியைப் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும். நடைக்கூடத்துக் கதவைத் திறந்து புகையை வெளியே விட்டுவிடாதீர்கள், அங்கிருக்கும் உணரி மொத்தக் கட்டடத்துக்கும் மணியடித்து, தீயணைப்பு வண்டியை வரவழைக்கும். மணி உண்மையாகவே அடித்தால் லிப்டைத் தொடக்கூடாது, படிக்கட்டுதான். இருபதாம் மாடியிலிருந்து இறங்கி மைனஸ் 30இல் தெருவில் நிற்க நேரலாம் என்பதால், குடும்பத்தில் எல்லாருடைய குளிர் ஜாக்கெட்டும் பூட்ஸும் வாசல் கதவருகிலேயே இருக்கட்டும், இரவிலும்.