லண்டனின் பழைய பப்களை ஒரே பிற்பகலில் நடந்து பார்க்கும் முறை

லண்டனில் பழைய ஆண்டொன்றைப் பெயர்ப் பலகையில் எழுதி வைத்திருக்கும் பப்கள் ஏராளம். ஆனால் அந்த ஆண்டு பல நேரங்களில் அதே மனையில் ஏதோவொரு விடுதி இருந்த காலத்தைச் சொல்லுமே தவிர, இன்றைய கட்டடத்தின் வயதைச் சொல்லாது. ஆகவே கட்டடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. கீழுள்ள நான்கையும், வேலை நாளொன்றில் மதிய உணவுக் கூட்டம் கலைந்த இரண்டரை மணிவாக்கில் தொடங்கி, அலுவலகங்கள் விடுவதற்குள் பார்த்துவிடலாம். இவை இருக்கும் வட்டாரத்தில் சில பப்கள் வார இறுதியில் திறப்பதில்லை என்பதால் சனி, ஞாயிறு வேண்டாம்.

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு அருகில், பரோ ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டிய முற்றத்துக்குள் இருக்கிறது ஜார்ஜ் இன். 1676 தீ விபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட இது, குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய மாடித் தாழ்வார விடுதிகளில் லண்டனில் எஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்று. 1889இல் ரயில் நிறுவனம் இடித்தது போக மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டுமே. முற்றத்தில் நின்று தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

பப்களில் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுண்ட்டருக்குச் சென்று, கேட்டு, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், யார் முதலில் வந்தார் என்பது பரிமாறுபவருக்குத் தெரியும், ஆகவே கையாட்டிக் கூப்பிடாதீர்கள். டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. பியரை அளந்து தரும் ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர் என்பதால், நான்கு இடங்களுக்குப் போகிறவர் அரை பைன்ட் கேட்பதே புத்திசாலித்தனம். கைப்பம்பில் இறைக்கும் ஏல் என்ற பியர் வகை 11 முதல் 13 டிகிரி வரைதான் குளிர்ந்திருக்கும்; அதுவே அதன் பக்குவம். மது அருந்தாதவர்கள் லைம் சோடா கேட்கலாம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

தேம்ஸின் தென்கரையோடு மேற்கே நடந்து பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தைக் கடந்தால், ஆப்பு வடிவக் கட்டடத்தில் பிளாக் ஃப்ரையர். நேரம் ஒதுக்க வேண்டியது இங்கேதான். டொமினிக்கன் எனும் கத்தோலிக்கத் துறவிகளின் மடம் இருந்த இடம் என்பதால், 1905வாக்கில் உள்ளே முழுக்கப் பளிங்கும் செப்புப் புடைப்புச் சிற்பங்களுமாக இழைத்தார்கள். ஒரு பலகையில் துறவிகள் மீன் பிடிக்கிறார்கள். அதன் கீழே 'நாளை வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருக்கிறது. வெள்ளியன்று இறைச்சி விலக்கு! உள்ளறையின் வளைவுக் கூரைக்குக் கீழே செதுக்கியிருக்கும் பொன்மொழிகளையும் வாசியுங்கள். 1960களில் இதை இடிக்க முயன்றபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் போராடிக் காப்பாற்றினார்கள்.

அடுத்தது ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் சந்து ஒன்றில் இருக்கும் ஓல்ட் செஷையர் சீஸ். 1666இல் லண்டனை எரித்த பெருந்தீக்கு மறு ஆண்டான 1667இல் மீண்டும் கட்டப்பட்டது. வெளிச்சம் குறைவு, வாசல் நிலை தாழ்வு. நிலவறைக்கு இறங்கும்போது தலை பத்திரம். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் இங்கே அமர்ந்தார் என்பதற்குச் சான்று இல்லை. பக்கத்துத் தெருவில் வசித்தது மட்டும் உண்மை.

கடைசியாக, ஹை ஹோபர்னில் பிரின்சஸ் லூயிஸ். பொறித்த கண்ணாடி, வண்ண ஓடுகள், நடுக் கவுண்ட்டரைச் சுற்றி மரத் தடுப்புகளால் பிரித்த சிறு அறைகள் என 1891ஆம் ஆண்டின் விக்டோரியப் பாணியை இங்கே காணலாம். ஐந்து மணிக்கு மேல் அந்தத் தடுப்பறைகளில் இடம் கிடைப்பது அரிது.