மூன்று இடத்துப் பணம், ஒரே பேருந்து ஆய்வு: திட்ட மேலாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

டிரஸ்டாகப் பதிவான ஒரு சிறிய ஆய்வு மையத்தில் நான் திட்ட மேலாளராகச் சேர்ந்த முதல் ஆண்டு. மேசையில் அடுக்கி வைத்திருந்த டேப்லெட்டுகளைக் காட்டி ஆடிட்டர் கேட்டார்: "இந்த ஆறும் யார் காசு?"

"ப்ராஜெக்ட் காசுதான் சார்."

"அதான், எந்த ப்ராஜெக்ட்?"

பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு என்றைக்கும் ஒரு நொடியில் பதில் சொல்லும்படி எப்படி ஏற்பாடு செய்து கொள்வது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு மாதிரித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் சில தடங்களில், அந்தப் பேருந்துகளைப் பெண்கள் எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே போகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எத்தனை இலவச டிக்கெட் கொடுத்தார்கள் என்பது டிக்கெட் மெஷினில் இருக்கும். எங்கே இறங்கினார், ஏன் போனார் என்பதற்கு ஆள் போய்த்தான் ஆக வேண்டும். பணம் மூன்று இடத்திலிருந்து: மத்திய அரசு மானியம், ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பணிக்குக் கம்பெனிகள் ஒதுக்கும் பணம்), ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை.

படி 1: வேலைப் பட்டியல்

எக்செல்லைத் திறந்து, இடது பக்கம் வேலைகளை மட்டும் எழுதுங்கள். முன் வாசலுக்கு ஒருவர், பின் வாசலுக்கு ஒருவர் நின்று ஏறுவோர் இறங்குவோரை எண்ணுவது. வீட்டு நேர்காணல். தரவை அலசும் ஆய்வாளர் சம்பளம். டேப்லெட். முடிவைச் சொல்லும் கூட்டம். மேலே மூன்று நெடுவரிசைகளில் மூன்று நிதியாளர்கள். ஒரு வேலைக்கு ஒரே நிதியாளர் என்று அமைந்தால் பாதித் தலைவலி அங்கேயே தீரும். எண்ணும் வேலை முழுக்க சிஎஸ்ஆர், டேப்லெட் முழுக்க அரசு மானியம், இப்படி.

ஆய்வாளர் சம்பளம் போலப் பிரித்தே ஆக வேண்டியதும் வரும். அதற்கு விகிதத்தைச் செலவுக்கு முன்பே எழுதி, தலைமை ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கி, ஃபைலில் போடுங்கள். செலவான பிறகு எழுதிய விகிதத்தை ஆடிட்டர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

படி 2: ஒவ்வொரு பணத்தின் குணம்

நிதியாளர் தரும் ஒப்புதல் ஆணையைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். நிபந்தனைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அரசு மானியத்துக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். செலவைக் காட்ட 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் யூசி என்பார்கள். வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்தால் அது நம்முடையதில்லை, திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளம், பயணம், கருவி எனத் தலைப்பு தலைப்பாகத்தான் பணம் வரும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முன்கூட்டியே கடிதம் போடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கட்டாயம். பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். உள்ளூர்ப் பணத்தோடு கலக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை வேறொரு தொண்டு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கவும் வழியில்லை. இதன் வட்டியும் வெளிநாட்டு நிதியாகவே கணக்காகும். ஆக, வட்டியிலேயே இரண்டு விதி. ஒரே சேமிப்புக் கணக்கில் இரண்டையும் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிஎஸ்ஆருக்கு, பணம் வாங்கும் நம் மையம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 7ஆவது அட்டவணையில் எந்த வகைக்குள் நம் வேலை வருகிறது என்று கம்பெனி காட்டியாக வேண்டும். 'பேருந்து ஆய்வு' என்று மொட்டையாக எழுதினால் அவர்கள் விழிப்பார்கள். பெண்கள் முன்னேற்றம் என்ற வகையில் நம் ஆய்வு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு பத்தி நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

படி 3: நாள்காட்டி

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நம்மிடம் சிஎஸ்ஆர் பணம் வந்துவிட்டதாலேயே கம்பெனி கணக்கில் அது செலவாகிவிட்டதாக ஆகாது. நாம் வேலையில் செலவழித்தால்தான் அவர்கள் கணக்கு தீரும். அதனால் நிதியாண்டு முடியும் மார்ச்சில் போன் மேல் போன் வரும். தொடர் திட்டம் என்று அவர்கள் ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தால் தொடங்கிய ஆண்டு போக 3 ஆண்டு வரை இழுக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பேருந்துக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் காலை 8 மணிக் கூட்டம் வேறாகிவிடும். பொங்கல் வாரம் எண்ணினால் வழக்கமான நாளைப் பற்றி எதுவும் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் தடமே மாறும். கழித்துப் பார்த்தால் களப்பணிக்கு நல்ல மாதங்கள் ஜூலை முதல் செப்டம்பர், அப்புறம் ஜனவரி இரண்டாம் பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை. பிப்ரவரி கடைசியில் பணம் வந்து, மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் அனுமதிக் கடிதத்துக்கு இன்னும் காத்திருந்தால் அந்தப் பருவம் போயே போய்விடும். எனவே பணம் வரும் முன்பே அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கடிதத்தின் நகல் பணிமனைக் கிளை மேலாளரிடம் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேளுங்கள். இல்லாவிட்டால் காலை 5 மணிக்கு நம் பையன்களை வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

வெளிநாட்டு நிதிக்கான எஃப்சி-4 ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. சில அறக்கட்டளைகளுக்கு ஆண்டே ஜனவரியில்தான் தொடங்கும். எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 4: பில் வந்த அன்றே

ஒவ்வொரு பில்லின் தலையிலும் மூன்று விவரம்: நிதியாளர், தலைப்பு, படி 1 பட்டியலில் அந்த வேலையின் வரிசை எண். பேனாவால் எழுதினால் போதும். ஒரிஜினல் பில் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஒரே பில்லை இரண்டு நிதியாளரிடம் காட்டுவது பெரும்பாலும் திருட்டால் நடப்பதில்லை, ஜெராக்ஸால் நடக்கிறது.

ஆய்வாளருக்கு மாதம் 40,000 ரூபாய், விகிதம் அரசு 60, வெளிநாடு 40 என்று வைத்துக்கொள்வோம். 24,000 இங்கே, 16,000 அங்கே. 25 வேலை நாளில் 15 நாள் அரசு மானிய வேலை, 10 நாள் மற்றது என்று அவருடைய டைம்ஷீட்டும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் 20 நாள் அரசு மானிய வேலையே செய்தாரா? அந்த மாதச் சம்பளத்தை அதற்கேற்ப மாற்றி, காரணத்தை எழுதி வையுங்கள்.

படி 5: தவணை தாமதமானால்

தாமதமாகும். நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு முறை இரண்டாம் தவணை வரவில்லை. கணக்கெடுத்த பிள்ளைகள் கூலிக்காக வாசலில் நின்றார்கள். பக்கத்துத் திட்டத்துப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். தவணை வந்ததும் திருப்பிப் போட்டேன், ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் தணிக்கைக் குறிப்பு வந்தது. அதற்கு விளக்கம் எழுதியே நாலு மாதம் போனது. மையத்தின் சொந்தப் பொது நிதியிலிருந்து முன்பணம் வாங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே, இரண்டு மாதச் சம்பளத்துக்கான முன்பணத்துக்கு நிர்வாகக் குழுவிடம் தீர்மானம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அறிக்கை

மூவருக்கும் மூன்று அறிக்கை எழுத உட்காராதீர்கள். ஒரே மூல அறிக்கை, அதிலிருந்து மூன்று வெட்டு. தரவு யாருக்குச் சொந்தம், யார் முதலில் வெளியிடலாம் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மூவரிடமும், போக்குவரத்துக் கழகத்திடமும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 7: மூடுவது

கடைசி பில், வட்டிக் கணக்கு, யூசி, மிச்சப் பணம். அப்புறம் டேப்லெட். அரசு மானியத்தில் வாங்கியதை அனுமதியில்லாமல் விற்கவோ கொடுக்கவோ முடியாது. ஒவ்வொன்றின் முதுகிலும் நிதியாளர் பெயர், ஆணை எண், வாங்கிய தேதி எழுதிய ஸ்டிக்கரை வாங்கிய அன்றே ஒட்டிவிடுங்கள். அதன் மேல் செல்லோடேப்பும் ஒட்டுங்கள். காலை நெரிசலில் வியர்வைக் கை பட்டால் மை ஒரே வாரத்தில் அழிந்துவிடும்.