கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பாதுகாப்பான வெடிமருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இலக்குப் பயிற்சியில் ஈடுபடுவோர் பலர், சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, புதிய பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து (குண்டைத் தள்ளும் வெடிமருந்து), குண்டு (குழலிலிருந்து பாயும் உலோக முனை) ஆகியவற்றைப் பொருத்தித் தங்களுக்கான தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். (இந்தியாவில் உரிமமின்றி இதைச் செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.) அந்த வேலையில் மருந்தைத் தேர்வு செய்யும் கட்டத்தை மட்டும் இங்கே விளக்குகிறேன். தவறாக அளந்துவிட்டால் அந்தத் தவற்றைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்தே புதியவருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி, கடைக்குப் போகும் முன், எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று கூறும் கையேட்டைத் திறப்பது. லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்களின் கையேடுகளும், ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற மருந்து நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணைகளும் உள்ளன. உங்கள் தோட்டா வகை, குண்டின் எடை, குண்டின் பொருள் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் பதிவு இருக்கும் மருந்துகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1926இல் தொடங்கப்பட்ட சாமி (SAAMI) என்னும் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு ஒவ்வொரு தோட்டா வகைக்கும் அழுத்த உச்சவரம்பு வகுத்திருக்கிறது. 9 மி.மீ. லூகருக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .45 ஏசிபிக்கு 21,000; .38 ஸ்பெஷலுக்கு 17,000 மட்டுமே. ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது என்பதற்கு இந்த வேறுபாடே போதுமான காரணம்.

அடுத்து எரிவேகம். புல்ஸ்ஐ, டைட்குரூப் ஆகிய மருந்துகள் மிக விரைவாக எரிபவை, யுனிக் நடுத்தரமானது, ஹெச்110 மெதுவாக எரிவது. எரிவேகப் பட்டியல் வரிசையை மட்டுமே காட்டுகிறது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மருந்துகளுக்குச் சம அளவு போடலாம் என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய கருமருந்துக்குச் சொன்ன அளவில் இன்றைய புகையற்ற மருந்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

இனி வருவதுதான் மிக முக்கியமான படி: மருந்து கூட்டுக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்ப்பது. .38 ஸ்பெஷல் 1898இல் கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்டதால் அதன் கூடு நீளமானது. ஆனால் அடர்த்தியும் வேகமும் மிகுந்த இன்றைய மருந்து அதில் அடிப்பகுதியை மட்டுமே நிரப்பும். கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை ஊற்றிவிட்டாலும் அது வழியாமல், குண்டு சாதாரணமாகப் பொருந்திவிடும். அதைச் சுடும்போது துப்பாக்கியே சிதறலாம். அதே எடைக்கு அதிக இடத்தை அடைக்கும், பருமன் மிகுந்த மருந்தானால், ஒரு முறை ஊற்றியதே கூட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும், இரண்டாம் முறை வழிந்து மேசையில் கொட்டும். ஆகவே கையேடு அனுமதிக்கும் மருந்துகளில் இப்படி வழியக்கூடியதையே முதலில் வாங்குங்கள். அப்போதும் குண்டைப் பொருத்துமுன் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டையும் உற்றுப் பாருங்கள். மருந்தே விழாத கூடும் ஆபத்தானதுதான்: பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும், அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

அளவைக் குறைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்று நினைப்பதும் பிழை. பல மருந்துகளுக்குக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக உயர்த்துவதே முறை. ஆனால் ஹெச்110ஐக் குறிப்பிட்ட அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது என்று அதன் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அத்தகைய மருந்தைப் புதியவர்கள் தள்ளிவைப்பதே நல்லது.

பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அக்யுரேட் எண் 2 வேகமானது, அதே நிறுவனத்தின் எண் 9 மெதுவானது. எண்ணைத் தவறாகப் படித்தால் விளைவு விபரீதமாகும். வேலை மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துக் குப்பிதான் இருக்க வேண்டும். மீந்ததை உடனே அதே குப்பியில் திருப்பி ஊற்றுங்கள். பெயர் தெரியாத மருந்தையும் கலந்துபோன மருந்தையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், பயன்படுத்தாதீர்கள்.

வாங்கியதை அதன் மூலக் குப்பியிலேயே, வெப்பமும் ஈரமும் படாத இடத்தில், பிரைமர்களிலிருந்து விலக்கி, குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். கண்ணாடிச் சாடிக்கு மாற்றக் கூடாது. நல்ல மருந்தில் ஈதரைப் போன்ற கரைப்பான் மணம் இருக்கும். புளித்த அமில நெடி அடித்தாலோ, செம்பழுப்புப் புகையோ துருநிறத் தூளோ தென்பட்டாலோ, அந்தக் குப்பி கெட்டுவிட்டது. அதிலிருந்து ஒரு தோட்டாகூடத் தயாரிக்காமல், தயாரிப்பாளரின் அறிவுரைப்படி அகற்றிவிடுங்கள்.