ரேஞ்சருக்கு எக்ஸ்ப்ளோரர் ஆக்சில்

என் 1994 ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் 7.5 அங்குலப் பின் ஆக்சில் (இந்த அளவு உள்ளே இருக்கும் ரிங் கியரின் விட்டம்) முனக ஆரம்பித்ததும், பழைய வண்டி உடைக்கும் யார்டுக்குப் போனேன். அதற்குப் பதிலாகத் தேட வேண்டியது 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சில். டிஸ்க் பிரேக்கும் கூடவே வரும். வீல் போல்ட் அளவும் அதேதான். ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் ஆக்சில் குறியீடு டி4 என்றிருந்தால் விடாதீர்கள்: 3.73 ரேஷியோ (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்), லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு). 4 வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்சில் ரேஷியோவும் அதுவாகவே இருக்கணும்.

இனிதான் வேலை. எக்ஸ்ப்ளோரரில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே, ரேஞ்சரில் மேலே. அதனால் ஆக்சில் குழாயில் ஸ்பிரிங் உட்காரும் பழைய சீட்டை கிரைண்டரால் அறுத்துவிட்டு, புதியதை மேல்பக்கம் வைக்க வேண்டும். ரேஞ்சரின் பழைய ஆக்சிலைக் கழற்றும் முன்பே பினியன் கோணத்தை (டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் ஆக்சில் மூக்கின் சாய்வு) அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். நான் எழுதாமல் விட்டு 2 நாள் வீணாக்கினேன். முதலில் புள்ளி வெல்டு மட்டும். வண்டியின் பாரம் முழுக்க ஸ்பிரிங்கில் இறங்கியதும் கோணம் சரியா என்று பார்த்து, மறுபடி ஆக்சிலை இறக்கி, அப்புறம் முழு வெல்டு. அதுவும் ஒரு அங்குலம் அடித்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம். ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வளையும்.

ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடித்துவைக்கும் யு போல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். எக்ஸ்ப்ளோரர் குழாய் பருமன், பழையது நுழையாது. கியர் ஆயிலோடு, லிமிடெட் ஸ்லிப்புக்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்ப்பு எண்ணெயும் ஊற்ற வேண்டும். மறந்தால் திருப்பத்தில் பின்னால் கடகடவென்று அதிரும்.